ஆறு முதல் எட்டு வரை அறிவியல்: டிவியில் காட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்க என்ன இருக்கிறது?

கரிசல்காட்டு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் நான்தான் அறிவியல் எடுக்கிறேன். மொத்தம் 41 பிள்ளைகள். ஆய்வகம் என்று தனி அறை கிடையாது, ஒரு பீரோ இருக்கிறது, அதில் பாதி பழைய நோட்டுகள்.

எங்கள் வகுப்பில் டிவி இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வீடியோ போடுவேன். முதல் மாதம் கைதட்டினார்கள். இப்போது டிவியைப் போட்டதும் பின்பெஞ்சு சாய்ந்துவிடுகிறது, கரண்ட் போனால்தான் எல்லோருக்கும் உயிர் வருகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. மின்சுற்று வீடியோவை இரண்டு தடவை போட்டேன், "மின்சுற்று முழுமையடைந்தால்தான் விளக்கு எரியும்" என்று கோரஸாகச் சொன்னார்கள். சரி என்று ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரு துண்டுக் கம்பியை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் கொடுத்தேன். அவன் கம்பியின் ஒரு முனையைப் பேட்டரியின் தலையில் வைத்து, மறுமுனையில் பல்பைத் தொட்டுக்கொண்டு எரியும் எரியும் என்று காத்திருக்கிறான்! பக்கத்தில் இருந்தவன் "பல்பு பீஸ் போயிருக்கும்டா" என்கிறான். வகுப்பிலேயே நன்றாக மார்க் வாங்குகிற பையன் அவன்.

வீடியோ லிங்க் என்னிடம் நூறு இருக்கிறது, அது வேண்டாம். பிள்ளைகள் தொட்டுச் செய்கிற மாதிரி, தமிழில் விளக்கம் இருக்கிற மாதிரி, மாதம் 500 ரூபாய்க்குள் (என் பர்ஸில் இருந்துதான்) முடிகிற மாதிரி என்னவெல்லாம் இருக்கிறது? நீங்களே வகுப்பில் செய்து பார்த்ததாக இருந்தால் ரொம்ப நல்லது. நானாகச் செய்ததில் ஓரளவு எடுபட்டது தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே டம்ளர் கவிழ்ப்பது மட்டும்தான். தண்ணீர் உள்ளே ஏறியதும் "ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று சொன்னேன், எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

---

ரிட்டயர்டு வாத்தியார்:

டீச்சர், உங்கள் பையன் ஒன்றும் மக்கு இல்லை. வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஒரே ஒயர்தானே போகிறது, உள்ளே இரண்டு கம்பி இருப்பதை அவன் எங்கே பார்த்தான்? பழைய ஒயர் ஒன்றை பிளேடால் கீறி உள்ளே காட்டுங்கள் (மின்சாரத்தில் செருகாத ஒயர், இதை நாலு தடவை சொல்லிவிட்டுக் கீறுங்கள்). பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

டார்ச் பல்பு இப்போது பல கடைகளில் கிடைப்பதில்லை, எல்லாம் எல்இடி. எல்இடி வாங்கினால் ஒரு 1.5 வோல்ட் பேட்டரிக்கு எரியாது. இரண்டைத் தொடராக வையுங்கள், நீளக் கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் வர வேண்டும். இது தெரியாமல் ஒரு பீரியட் முழுக்க நான் வியர்த்து வழிந்திருக்கிறேன்.

செலவே இல்லாதது ஒன்று சொல்கிறேன். அமிலம், காரம். லிட்மஸ் தாளுக்கு அலைய வேண்டாம், ஆரத்தி போதும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பாகிறது அல்லவா, பிள்ளைகள் கல்யாண வீட்டில் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள், ஆனால் அது வேதியியல் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. நான் வகுப்பில் ஆரத்தியே கரைப்பேன். சிவந்ததும் கொஞ்சம் எலுமிச்சம் பழம் பிழியச் சொல்வேன், மறுபடி மஞ்சள். அந்த நொடியில் வகுப்பு போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்ப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கக் கூடாது. "வீட்டில் வேறு எதெல்லாம் இதைச் சிவப்பாக்கும், பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட வேண்டும். சோப்பு, ஆப்பசோடா, சாம்பல் கரைத்த தண்ணீர் என்று மறுநாள் வந்து நிற்பார்கள். வேலியோரம் சங்குப்பூ இருந்தால் இன்னும் நல்லது, வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும், எலுமிச்சைக்கு ஊதா, சோப்புத் தண்ணீருக்குப் பச்சை. செம்பருத்தியும் ஆகும். கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் எவனும் கொண்டு வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒருவன் கட்டாயம் கொண்டு வருவான். சுண்ணாம்பும் கண்ணில் படக் கூடாது.

அப்புறம் அரவிந்த் குப்தா. பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐஐடி கான்பூரில் படித்தவர், டெல்கோவில் (இப்போதைய டாடா மோட்டார்ஸ்) வேலை பார்த்தவர், 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் பக்கம் கிராமத்துப் பள்ளிகளுக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவங்கள் செய்யத் தொடங்கியது அங்கேதான். வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு ரெடி. முக்கோணம் செய்து அழுத்தினால் அசையாது, சதுரம் செய்தால் சாய்ந்துவிடும், குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் சதுரமும் நிற்கும். செல்போன் டவரில் ஏன் இத்தனை முக்கோணம் என்று அதன் பிறகு கேளுங்கள். அவருடைய இணையதளத்தில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் படத்தோடு இலவசமாக இருக்கின்றன, தமிழிலும் உண்டு. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குப்பையில் இருந்து பொம்மை செய்கிற மனிதருக்கு!

---

பாடம் முடிக்கணும்:

மேலே சார் சொன்னது எல்லாம் கேட்க இனிக்கிறது. நான் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது, பத்து எடுக்கிறேன். ஆரத்தி கரைத்தால் அரை மணி போச்சு, துடைக்கக் கால் மணி போச்சு, பரீட்சையில் "அமிலத்தின் பண்புகள் நான்கினை எழுதுக" என்றுதான் கேட்பார்கள். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், உங்கள் மெழுகுவர்த்தி விளக்கம் தப்பு. நீங்கள் மட்டுமில்லை, யூடியூபில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எரியும்போது ஆக்சிஜன் வெறுமனே மறைந்துவிடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வருகின்றன. அதோடு ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதற்கு முன்னாலேயே சுடர் அணைந்துவிடும். தண்ணீர் ஏறுவதற்குப் பெரிய காரணம் சூடுதான். டம்ளரைக் கவிழ்க்கும்போது சுடரைச் சுற்றி இருக்கும் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது (ஓரத்தில் குமிழி வருவதை உற்றுப் பார்த்தால் தெரியும்), சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன்தான் காரணம் என்றால் எரிகிறபோதே சீராக ஏற வேண்டும். ஆனால் அணைந்த பிறகுதான் சடாரென்று ஏறும். நம்பவில்லை என்றால் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள், தண்ணீர் அதிகமாக ஏறும். மூன்று வைத்தால் டம்ளருக்குள் ஆக்சிஜன் கூடிவிடுமா என்ன?

அதனால்தான் சொல்கிறேன், செயல்பாடு செயல்பாடு என்று ஓடினால் வித்தை காட்டுகிற ஆளாகிவிடுவோம். வாயைப் பிளப்பது வேறு, புரிவது வேறு.

---

துளிர் வாசகன்:

கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன் சார், ஆனால் நீங்களே உங்களுக்கு எதிராக வாதாடிவிட்டீர்களே. ஒன்று வைத்தால் எவ்வளவு, மூன்று வைத்தால் எவ்வளவு என்று டம்ளரில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு அளக்கச் சொன்னால் அது வித்தை இல்லையே. டீச்சர், நீங்கள் நாளைக்கே வகுப்பில் போய் "போன வாரம் நான் சொன்னது தப்பு, மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்க்கலாம் வாருங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

பரீட்சை விஷயம் உண்மைதான், அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். வாத்தியார் சொன்ன ஹோசங்காபாத்தில், பிள்ளைகள் தாங்களே செய்து அறிவியல் கற்கும் திட்டம் ஒன்று 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளிக்கும் சோதனைப் பொருட்கள் அடங்கிய கிட் கொடுத்தார்கள். அதோடு பரீட்சையையும் மாற்றினார்கள், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம், செய்முறைக்குத் தனி மார்க். 1982இல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவாகி அதை எடுத்து நடத்தியது, 2002இல் அந்த மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் ஓடிய வண்டி. பரீட்சையை மாற்றுவது நம் கையில் இல்லை, மாதாந்திர வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வியையாவது மாற்றலாம். "இரண்டு பாட்டிலில் தெளிந்த திரவம் இருக்கிறது, எது சோப்புத் தண்ணீர் என்று மஞ்சளை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பாய்" என்று கேட்டால் அதுவும் காரத்தின் பண்புதானே.

டீச்சர், தமிழில் வேண்டும் என்றால் முதலில் துளிர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் இருந்து நடத்துகிற மாத இதழ், என் தலைமுறையில் பல பேர் அதைப் படித்துத்தான் அறிவியல் பக்கம் வந்தோம். பழைய இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் இயக்கத் தோழர்கள் இருப்பார்கள், கூப்பிட்டால் ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போவார்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று 1993இல் இருந்து நடக்கிறதே, அதற்கு நாலு பிள்ளைகளைத் தயார் செய்து பாருங்கள். ஊர்க் கண்மாய்த் தண்ணீரை ஆராய்வது மாதிரி வேலைகள்தான், கருவி பெரிதாகத் தேவைப்படாது. அரசுப் பள்ளி என்றால் வானவில் மன்றமும் (கருத்தாளர் பள்ளிக்கே வந்து சோதனை செய்து காட்டுகிற அரசுத் திட்டம்) இருக்கிறது அல்லவா, 2022இல் ஆறு முதல் எட்டு வரைக்கும் என்றே தொடங்கியது. கருத்தாளர் வரும்போது அவர் செய்து காட்டிவிட்டுப் போகாமல், பொருளைப் பள்ளியில் விட்டுவிட்டு அடுத்த முறை வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பைசா செலவில்லாத ஒன்று: நிழல். வருஷத்தில் இரண்டு நாள் நம் ஊரில் உச்சிவேளையில் நேராக நிற்கிற குச்சிக்கு நிழலே விழாது. விருதுநகருக்கு அது ஏப்ரல் நடுவில், கிட்டத்தட்டச் சித்திரை பிறக்கும்போது. மறுபடி ஆகஸ்ட் கடைசியில் வரும். ஏப்ரலில் பரீட்சை, அதனால் ஆகஸ்ட்டைப் பிடியுங்கள். உச்சிவேளை என்றால் சரியாக 12 மணி இல்லை, நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் 78இல் இருக்கிறோம், அதனால் 12.18 போல வரும். இதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், பதினைந்து நாள் முன்பிருந்தே தினமும் மதியம் ஐந்து ஐந்து நிமிஷத்துக்கு நிழல் நுனியில் கல் வைத்தால் போதும், எப்போது மிகக் குட்டையாகிறது என்று தெரிந்துவிடும். சோற்று மணிக்குப் பக்கத்தில் வருகிறது, பாடவேளையும் போகாது.

---

வன்னி ரீச்சர்:

வணக்கம், நான் இலங்கையில் இருந்து. தரம் 7, 8 விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு சின்ன விஷயம். டீச்சர் தமிழில் தேடும்போது எங்கட வீடியோக்களும் பாடநூல்களும் வரும், பார்த்துப் பிள்ளைகள் குழம்பக்கூடும். நீங்கள் ஆக்சிஜன் என்பதை நாங்கள் ஒட்சிசன் என்போம், கார்பன் டை ஆக்சைடு எங்களுக்குக் காபனீரொட்சைட்டு, ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, அழுத்தம் அமுக்கம், செல் கலம். இதையே மற்றப் பக்கமாகப் பார்த்தால் தேடவும் உதவும், "ஒளித்தொகுப்பு" என்று போட்டுத் தேடினால் நீங்கள் இதுவரைக்கும் காணாத தமிழ்ப் பாடங்கள் வரும். எங்கட பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் தமிழிலேயே இலவசமாக இருக்கு. செயற்பாடுகள் நிறைய.

ஆரத்தி யோசனை நல்லா இருக்கு. எங்கட பக்கம் ஆலாத்தி என்போம், தட்டில் வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திக் கொளுத்துவினம். நான் செவ்வரத்தம் பூவில் (உங்கட செம்பருத்தி) செய்திருக்கிறன், பூவை அப்படியே வெள்ளைத் தாளில் தேய்த்துக் காயவிட்டால் அதுவே சோதனைத் தாள். போத்தலும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். அந்தச் சென்னைச் சேருக்கு இது பிடிக்கும்.

---

கரிசல்காட்டு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பாடம் முடிக்கணும் சார், கோபம் எல்லாம் இல்லை, முதலில் முகம் சுருங்கியது உண்மை. திங்கட்கிழமை மூன்று மெழுகுவர்த்தி வைத்தோம். ஒன்றுக்கு ஏறியதைவிட இரண்டு விரல் அதிகம் ஏறியது. "அப்ப டீச்சர் சொன்னது தப்பா?" என்று ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள், ஆமாம் என்றேன். அதற்கு அப்புறம் நான் சொல்கிற எதையும் அவர்கள் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை, தொல்லைதான்.

இப்போது வேறு ஒரு பிரச்சினை. அரவிந்த் குப்தா தளத்தில் பேட்டரி, காந்தம், இரண்டு ஊக்கு, கம்பிச் சுருள் வைத்து ஒரு மோட்டார் இருக்கிறது. நேற்று இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்தேன். சுருள் ஒரு தடவை துள்ளிவிட்டு நின்றுவிடுகிறது. தள்ளிவிட்டால் இரண்டு பக்கமும் ஆடுகிறது, சுற்றவில்லை. பேட்டரி வேறு சூடாகிவிட்டது. எங்கே தப்பு?

---

ரிட்டயர்டு வாத்தியார்:

கம்பியின் இரண்டு காலிலும் (சுருளின் இரு முனைகள்) இருக்கிற மின்சாரம் கடத்தாத பூச்சைச் சுற்றிலும் முழுக்கச் சுரண்டிவிட்டீர்கள், சரியா? எல்லோரும் செய்கிற தப்பு. ஒரு காலை முழுக்கச் சுரண்டுங்கள். இன்னொரு காலில் சுருளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து மேல்பக்கப் பூச்சை மட்டும் சுரண்டுங்கள், கீழ்ப்பாதி அப்படியே இருக்கட்டும். ஏன் என்றால், மின்சாரம் தொடர்ந்து போனால் காந்தம் அரைச்சுற்று முன்னால் தள்ளும், அடுத்த அரைச்சுற்று பின்னால் இழுக்கும், அதனால்தான் உங்கள் சுருள் ஊஞ்சல் ஆடுகிறது. பூச்சு இருக்கிற பாதி ஊக்கில் படும்போது மின்சாரம் நிற்கும், சுருள் தன் வேகத்திலேயே அந்த அரைச்சுற்றைக் கடந்துவிடும். மறுபடி சுரண்டிய பக்கம் வரும்போது ஒரு தள்ளு. ஊஞ்சலில் இருக்கிற தங்கச்சியை ஒரு பக்கம் வரும்போது மட்டும் தள்ளுகிறோமே, அதுதான்.

கம்பிக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கேளுங்கள், மிச்சக் கம்பியைச் சும்மாவே தருவார்கள். பத்துச் சுற்று போதும், கால்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நொண்டும். காந்தம் பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது நல்லது. சுற்றாமல் இருக்கும்போது பேட்டரியில் கம்பியை வைத்தபடி விடாதீர்கள், குறுக்குச்சுற்று மாதிரிதான், அதனால்தான் சூடாயிற்று.

---

பாடம் முடிக்கணும்:

இந்த மோட்டாரை நானும் செய்திருக்கிறேன், வாத்தியார் சொல்வது சரி. நான் செயல்பாட்டுக்கே விரோதி என்று யாரும் நினைக்க வேண்டாம், நேரம்தான் விரோதி.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. கணினி இருக்கிற பள்ளி என்றால் ஃபெட் (PhET) உருவகங்களைப் பாருங்கள், திரையிலேயே நாமே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிற சோதனைகள். நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, முழுக்க இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், சில தமிழிலும் இருக்கின்றன. மின்சுற்று உருவகத்தில் கம்பியை எங்கே வேண்டுமானாலும் இணைக்கலாம், தப்பாக இணைத்தால் தீப்பிடிக்கிற மாதிரியே காட்டும். ஆனால் டீச்சர், கையில் பேட்டரி கொடுத்து அவன் ஒற்றைக் கம்பியோடு முட்டி மோதிய பிறகு இதைக் காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் இதுவும் இன்னொரு டிவிதான்.

---

கரிசல்காட்டு டீச்சர்:

சுற்றிவிட்டது!! வாத்தியார் சார், பாதிதான் சுரண்ட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. எட்டாம் வகுப்பை ஆறு குழுவாகப் பிரித்து, மூன்று குழுவுக்கு முழுக்கச் சுரண்டிய சுருள், மூன்று குழுவுக்குப் பாதி சுரண்டிய சுருள் கொடுத்தேன். பாதி சுரண்டியதில் இரண்டு சுற்றியது, ஒன்று கால் கோணலாகி நொண்டியது. சுற்றாத குழு எழுந்து போய்ச் சுற்றுகிற குழுவின் சுருளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத் தாங்களே கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தது யார் தெரியுமா, அந்த "பீஸ் போயிருக்கும்டா" பையன். அவன் மாமா காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறாராம், இத்தனை நாள் எனக்குத் தெரியாது! இனி கம்பிக் கவலை இல்லை. மொத்தச் செலவு 180 ரூபாய், அதில் பேட்டரிதான் அதிகம்.

ஒரு பீரியடில் முடிக்க வேண்டியது மூன்று பீரியட் போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சென்னை சார் சிரிக்கட்டும். அடுத்த பாடத்தை வேகமாக ஓட்டத்தான் வேண்டியிருக்கும்.

துளிர் வாசகன் சார், நிழல் குச்சியைத் தொடங்கிவிட்டோம். பிள்ளைகள் ஒன்று கேட்டார்கள். நமக்கு நிழல் விழாத அன்றைக்குச் சென்னையிலும் விழாதா? நான் இந்தத் தடவை உஷாராகி, தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

---

துளிர் வாசகன்:

விழும். அங்கேதான் விஷயமே. சென்னைக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி வரும். உங்களுக்கு நிழல் விழாத ஆகஸ்ட் கடைசி நாளில் சென்னையில் ஒரு மீட்டர் குச்சிக்கு வடக்குப் பக்கம் சுமார் 6 செ.மீ. நிழல் இருக்கும். இரண்டு ஊருக்கும் அட்சரேகையில் மூன்றரை பாகை வித்தியாசம், தெற்கு வடக்காக அளந்தால் கிட்டத்தட்ட 390 கி.மீ. மூன்றரை பாகைக்கு 390 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? பெருக்கினால் 40,000 கி.மீ.யைத் தொட்டு வரும். பூமியின் சுற்றளவு! எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்ததும் இதே கணக்குதான். சென்னையில் அதே நாளில் உச்சிவேளையில் குச்சி நட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். யாராவது இருக்கிறீர்களா?

---

பாடம் முடிக்கணும்:

எங்கள் பள்ளி மொட்டை மாடிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இருபது நிமிஷத்துக்கு மேல் தர மாட்டேன். குச்சி நேராக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் குச்சி சாய்ந்திருந்தால் என் 6 செ.மீ. வீண். அன்றைக்கு மேகம் போட்டால் மறுநாள், தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் டீச்சர்.